மஞ்சள் கரை போட்ட நீலம்

சத்தியமாகக் கண்டேன். கடலடிப் பாறையின் மேல், என் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில், விரல் நீளத்தில் ஒரு நத்தை. ஓடே இல்லை. நல்ல நீலம், சுற்றிவர மஞ்சள் கரை, முன்னால் இரண்டு கொம்பு, பின்னால் குஞ்சம் மாதிரி ஏதோ ஆடியது. பக்கத்தில் இன்னொன்று, வெள்ளையில் சிவப்புப் புள்ளி. கடலட்டை பொறுக்கப் போனவனுக்கு இதெல்லாம் என்னத்துக்கு?

போன வருடம் எங்களோடு அட்டைக்கு இறங்கிய ஜவாஹிர் காக்கா இப்படித்தான் மேலே வந்து, "கீழ பூ நடக்குதடா" என்றார். அரை மணித்தியாலத்தில் இரண்டு காலும் விழுந்துவிட்டன. இன்றுவரை படுக்கைதான். அதற்குப் பிறகு, கீழே எதையாவது கண்டேன் என்று உளறுகிறவனைப் படகோட்டி வீரகத்தி அண்ணை மறுபடி கடலில் இறக்குவதில்லை. என் வீடோ இந்தக் காசை நம்பி முல்லைத்தீவில் கூரையில்லாமல் நிற்கிறது.

மேலே வந்து, வள்ளத்தில் ஏறியிருந்து தொடையைக் கிள்ளினேன். வலித்தது. அது நல்லதா கெட்டதா என்றும் விளங்கவில்லை.

"பைறூஸ், என்ன கண்டனீர்?" என்றார் வீரகத்தி அண்ணை.

"அட்டைதான். வேறென்ன கிடக்கு அங்க?" என்று எரிந்து விழுந்தேன்.

கொஞ்ச நேரத்தில் என் தங்கையின் புருஷன் நவ்பர் தலையை நீட்டினான். அவனிடமும் அதே கேள்வி. பாவி, பொய் சொல்லத் தெரியாதவன்.

"நீல நத்தை ஒண்டு, அண்ணை. மஞ்சள் கரை போட்டது."

"சரி. இந்த சீசன் உமக்கு முடிஞ்சுது. ஏறும்."

அவன் ஏறவில்லை. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்டான். "மச்சான், என்ர காலும் போயிருமோ?"

அட அல்லாஹ்வே! வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லை.

"நானும் கண்டனான், அண்ணை. அதே நீலம். ரெண்டு பேருக்கும் ஒரே விசர் எப்பிடி வரும்?"

அவர் எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு சிலிண்டர்களைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே மெசினில காத்தடிச்சது. கெட்ட காத்து. ரெண்டு பேருக்கும் இனிக் கடல் வேண்டாம்."

அவர் சொல்வதும் சரிபோலத்தான் இருந்தது. கரை வரும்வரை நவ்பர் என் கையை விடவில்லை. "கொம்பு ரெண்டுதானே, மச்சான்?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். "ஓமடா, ரெண்டு," என்று நானும் சொல்லிக்கொண்டே வந்தேன்.

வள்ளம் மணலில் முட்டியது. இறங்க இருவருக்கும் பயம். கண்ணை மூடிக்கொண்டு நான் குதித்தேன்.

"மச்சான், நிக்கிறியா?"

"நிக்கிறன். இறங்கடா!"

அவன் குதித்தான். முழங்கால் தண்ணீரில் நின்று, காலை மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்து, ஓவென்று அழுதான்.