மூன்றாவது வரியில் இருந்த பெயர்

மரகதம் கலந்துகொள்ளும் எந்தத் தொலைக்காட்சி விவாதத்துக்கும் இனிமேல் தங்கள் பேச்சாளர்கள் வரமாட்டார்கள் என்று ஆளுங்கட்சி அறிக்கை விட்டது. சுற்றி வளைக்கவில்லை, பெயரைப் போட்டே எழுதியிருந்தார்கள். பெங்களூர் நீலசந்திராவில் தன் வீட்டு அடுப்படியில் நின்றபடி மரகதம் அதைக் கைபேசியில் படித்தாள். வெங்காயம் தீய ஆரம்பித்த வாசனை வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, கூடத்தில் இருந்த கணவர் இராஜமாணிக்கத்திடம் கைபேசியை நீட்டினாள்.

"பாரு. எம்.எல்.ஏ.வா இருந்தப்போ நான் எழுந்து நின்னா எவனும் திரும்பிக்கூட பாக்கல. இப்ப நான் உக்காந்தா ஒரு கட்சியே எழுந்து ஓடுது."

எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனி ஒன்றில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் இராஜமாணிக்கம். எதையும் நிதானமாகத்தான் படிப்பார். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உன் பேரை தப்பில்லாம எழுதியிருக்கானுங்க. நீ அவனுங்க கட்சியில இருந்தப்போ ஒரு போஸ்டர்லயாவது ஒழுங்கா போட்டானுங்களா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் மரகதத்துக்கு அது வெறும் அறிக்கை இல்லை. அந்தக் கட்சிக்காக அவள் வெயிலில் நடந்திருக்கிறாள், லாக்கப்பில் உட்கார்ந்திருக்கிறாள்.

பத்தொன்பது வயதில் ஓசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் காலர் தைக்கப் போனவள் அவள். ஒரு ஷிஃப்டுக்கு இரண்டு தடவைக்கு மேல் கழிப்பறைக்குப் போகக்கூடாது என்று சூப்பர்வைசர் சுவரில் காகிதம் ஒட்டிய அன்று, மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். அவள் எழுந்ததைப் பார்த்துப் பக்கத்து மெஷின்காரி எழுந்தாள். மத்தியானத்துக்குள் ஃபேக்டரியே கேட்டுக்கு வெளியே நின்றது. அங்கிருந்து சங்கம், சங்கத்திலிருந்து கார்ப்பரேட்டர், பிறகு ஒரு தடவை எம்.எல்.ஏ.

சட்டசபையில் கடைசி வரிசை கிடைத்தது. முதன்முதலாக அவள் பேச எழுந்தபோது எதிர் வரிசைக்காரர் ஒருவர், "இது எந்த மாநிலத்துக் கன்னடம் அம்மா?" என்று கேட்டார். சபை சிரித்தது. "பெங்களூரைப் பெருக்கிக் கூட்டுற பொம்பளைங்களோட கன்னடம். நீங்க அவங்ககிட்ட பேசியிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்று கன்னடத்திலேயே சொன்னாள். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அடுத்த நிமிஷம் அவளுடைய மைக்கும் அணைந்துபோனது.

தன் பதவிக் காலத்தில் அவள் பெரிதாகச் சாதித்தது ஒன்றுதான். தொகுதியில் காளவாய் காலனி என்று ஓர் இடம். அங்கே பெண்களுக்கு வலி எடுத்தால் ஆட்டோவில் ஏற்றி நகரத்தின் மறுபக்கம் ஓட வேண்டும். டிராஃபிக்கில் ஆட்டோவுக்குள்ளேயே பிறந்த பிள்ளைகள் பல. அந்தக் காலனியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி வேண்டும் என்று ஃபைலின் பின்னாலேயே அலைந்தாள். மேஜை மேஜையாக அது நகர, அவளும் கூடவே நகர்ந்தாள். அடிக்கல் நாட்டி, கூரை போடும் நேரத்தில் தேர்தல் வந்தது. இளைஞருக்கு வாய்ப்பு என்று சொல்லி, சீட்டை பிரகாஷுக்குக் கொடுத்தது கட்சி. பிரகாஷ் அவளிடமே உதவியாளராக இருந்தவன். அவளுடைய பையையும் போனையும் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தவன். "அக்கா, நீங்க ஆசீர்வாதம் பண்ணணும்" என்று காலில் விழுந்தான். அவளும் பண்ணினாள். அவன் ஜெயித்தான். அத்தோடு போன் செய்வதையும் நிறுத்திக்கொண்டான். மரகதம் கட்சியை விட்டு விலகினாள்.

டி.வி. வந்தது தற்செயலாகத்தான். கன்னடச் சேனல் ஒன்றில் விவாதத்துக்கு வர வேண்டியவர் மழையில் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டிக்கொண்டார். "மேடம், நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க, வர முடியுமா?" என்று தயாரிப்பாளர் வீணா கூப்பிட்டாள். புடவையைக்கூட மாற்றாமல் மரகதம் போய் உட்கார்ந்தாள். சபையில் அன்று நடந்த கூச்சல்தான் தலைப்பு. ஒவ்வொருவரும் கொள்கை பேசிக்கொண்டிருக்க, இவள் மட்டும், "கோபமா எழுந்தாரே அவர், அந்தக் கோபத்தை அவருக்கு யார் எழுதிக் கொடுத்திருப்பாங்கன்னு நான் சொல்லட்டுமா?" என்றாள். சொன்னாள். துண்டுச் சீட்டு எப்படிப் பின்வரிசைக்கு வரும், யார் கத்த வேண்டும், யார் வெளிநடப்பு செய்ய வேண்டும், கேன்டீனில் யார் யாரோடு உட்கார்ந்து போண்டா சாப்பிடுவார்கள், எல்லாவற்றையும் சொன்னாள். மறுநாளும் கார் வந்தது. அதற்கு மறுநாளும்.

சீக்கிரமே ஊருக்கு அவள் முகம் தெரிந்துபோனது. எம்.எல்.ஏ.வாக இருந்தபோது அவளைக் கண்டால் மனு நீட்டியவர்கள், இப்போது செல்ஃபி கேட்டார்கள். வசவும் வந்தது. தமிழ்நாட்டுக்கே திரும்பிப் போ என்று நேரலையின் கீழே எழுதினார்கள். அதையும் அவள் விடவில்லை. "போறேன்ப்பா, எந்த ஊருக்குன்னு மட்டும் சொல்லுங்க. எங்க தாத்தா இந்த ஊரு கன்டோன்மென்ட் குதிரை லாயத்துல வேலை பார்த்தவர். அதுக்கு முன்னாடி எந்த ஊருன்னு எங்க வீட்லயே யாருக்கும் தெரியாது. கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லுங்க" என்று கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னாள்.

கட்சிக்கு ஆத்திரம் மூட்டியது அதெல்லாம் இல்லை. அந்த வார விவாதம்தான்.

தாய் சேய் நலத்தில் அரசின் சாதனை என்று கட்சிப் பேச்சாளர் ஹரிஷ்குமார் அடுக்கிக்கொண்டே போனார். மரகதம் குறுக்கிட்டாள்.

"காளவாய் காலனியில பிரசவ ஆஸ்பத்திரி கட்டி முடிச்சாச்சு. கட்டில் வந்தாச்சு, கரண்ட் வந்தாச்சு. ஒரு வருஷத்துக்கு மேல பூட்டிக் கிடக்குது. ஏன்னு சொல்லுங்க சார்."

"தீயணைப்புத் துறை சான்றிதழ் வரணும், மேடம். தொழில்நுட்பக் காரணம்."

"அது வந்து ரொம்ப நாளாச்சு. காரணம் நான் சொல்றேன். வாசல் சுவத்துல அடிக்கல் பதிச்சிருக்கு. அதுல மூணாவது வரியில என் பேரு. அந்தக் கல்லுக்கு முன்னாடி நின்னு ரிப்பன் வெட்ட உங்க எம்.எல்.ஏ.வுக்கு மனசு வரல. திறக்கச் சொல்லிக் கேட்கப் போன பொம்பளைங்ககிட்ட அவரே சொல்லியிருக்காரு."

"நிரூபிக்க முடியுமா?"

"நாளைக்கே கதவைத் திறங்க. நான் பொய்க்காரின்னு நிரூபணமாயிடும்."

ஹரிஷ்குமார் மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகுதான் அந்த அறிக்கை.

அறிக்கை வந்த அன்று மத்தியானம் வீணா நேரிலேயே வந்தாள். சேனல் முதலாளிக்கு எங்கிருந்தோ போன் வந்ததாம். அரசு விளம்பரம் நின்றுவிடும் என்ற பயம். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே கன்னடத்தில் பேசினாள்.

"ஒரே ஒரு வரி போதும் மேடம். யார் மனசாவது புண்பட்டிருந்தா வருந்துறேன்னு. எல்லாரும் சொல்றதுதானே."

"நான் சொல்லமாட்டேன் வீணா. காலனியில ஒருத்தி போன வாரம் ஆட்டோவுல பெத்தா, அந்தப் பூட்டின கேட்டுக்கு முன்னாடியே. அவ மனசு புண்பட்டதுக்கு யாரு வருந்துறது?"

வீணா காப்பியைக் கீழே வைத்தாள். பிறகு மெல்லக் கேட்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அந்தப் பேர் அங்க இருக்கறது உங்களுக்கும் வேணும்தானே? எடுத்தாத்தான் திறப்போம்னு அவங்க சொன்னா, எடுக்க விடுவீங்களா?"

மரகதத்துக்கு அந்தக் கல் கண்முன் வந்தது. கொடிகள் கிழிந்துபோயின, போஸ்டர்களை மாடு தின்றது. அவள் பெயர் கல்லில் இருந்தது அந்த ஓர் இடத்தில்தான். காய்கறி வாங்கப் போகும் சாக்கில் அந்த வழியாகப் போய், பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று அந்த மூன்றாவது வரியைப் பார்த்துவிட்டு வருவாள். இராஜமாணிக்கத்துக்குக்கூட அது தெரியாது. பிரகாஷுக்கு அந்தக் கல் கண்ணை உறுத்திய அளவுக்கு, இவளுக்கு அது கண்ணை நிறைத்தது. அதை நினைத்ததும் அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"நாளைக்கு காலையில அங்க ஒரு கேமரா அனுப்பு" என்றாள்.

"எதுக்கு மேடம்?"

"அனுப்பு சொல்றேன். உங்க முதலாளி போடலைன்னா, காலனிப் பொண்ணுங்க போன்ல எடுக்கட்டும்."

காலையில் இராஜமாணிக்கம் தெரிந்த கொத்தனாரிடம் உளியும் சுத்தியலும் வாங்கி வந்தார். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. ஸ்கூட்டரில் அவளைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். கேட்டுக்கு முன்னால் காலனிப் பெண்கள் கூடியிருந்தார்கள். வீணாவே கேமராமேனோடு வந்திருந்தாள். முதலாளியிடம் சொன்னாளா இல்லையா என்று மரகதம் விசாரிக்கவில்லை.

வாட்ச்மேன் கோவிந்தப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "பேட அம்மா, வேணாம். என் வேலை போயிடும்."

"உன் வேலை போகக்கூடாது கோவிந்தப்பா. இப்பவே போலீசுக்கு போன் போடு. நீ தடுத்தே, நான் கேக்கலன்னு சொல்லு. சத்தமா சொல்லு, கேமராவுல வரட்டும்."

அவர் அப்படியே போன் செய்தார். அவர் பேசி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு வாட்ச்மேன் வந்துபோகும் சின்னக் கதவு வழியாக உள்ளே போய், கல்லின் முன்னால் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றாள்.

கருங்கல். முதல் அடியில் உளி வழுக்கியது. இரண்டாவது அடி விரலில் பட்டது. பின்னால் யாரோ ஒருத்தி "அய்யோ" என்றாள். கன்னட எழுத்தில் வளைந்து இருந்த அந்த 'ம'வின் மேல் உளியை வைத்தபோது அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு ஓங்கி அடித்தாள். சில்லு தெறித்துக் கன்னத்தில் கீறியது. முகத்தைத் துடைக்காமல் அடித்துக்கொண்டே போனாள். மேலே முதலமைச்சர் பெயர், அடுத்து மந்திரி பெயர். அவற்றின் மேல் ஒரு கீறலும் விழாமல் பார்த்துக்கொண்டாள். தன் வரி வெறும் வெள்ளைப் பள்ளமாக ஆனபிறகுதான் சுத்தியலைக் கீழே வைத்தாள்.

மூச்சு வாங்கியது. கேமராவைப் பார்த்தாள்.

"பிரகாஷ், உனக்கு இடைஞ்சலா இருந்ததை நானே எடுத்துட்டேன். அடுத்த காரணம் நீ என்ன வச்சிருக்கேன்னு ஜனங்களுக்குச் சொல்லு."

போலீஸ் ஜீப் வந்தது. பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக வழக்கு. பெண் எஸ்.ஐ. கையைப் பிடிக்க வந்தபோது, "வேணாம்மா, எனக்கு ஜீப்புல ஏறி பழக்கம்" என்று தானே ஏறினாள். சாயங்காலம் ஜாமீனில் வெளியே வருவதற்குள் அந்தக் காட்சியை ஊரே பார்த்திருந்தது. சேனல் முதலாளிக்கு விளம்பரப் பயம் போய், பார்வையாளர் எண்ணிக்கையின் ஆசை வந்திருந்தது. மன்னிப்பு என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. உடனே ஸ்டுடியோவுக்கு வர முடியுமா என்றுதான் கேட்டார்கள்.

"வரேன். ஆனா திரையில ஆளுங்கட்சிக்கு உண்டான கட்டத்தை எடுக்கக்கூடாது. கட்சி பேரைப் போட்டு காலியாவே விடுங்க" என்றாள்.

வீணா அப்படியே செய்தாள். கன்னத்தில் பிளாஸ்திரியோடு ஒரு கட்டத்தில் மரகதம். பக்கத்துக் கட்டத்தில் வெறும் நாற்காலி. அவள் கேள்வியை அந்த நாற்காலியைப் பார்த்துக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பாள். அடுத்தடுத்த நாட்களிலும் அப்படித்தான் நடந்தது.

ஒரு நாள் காலை பிரகாஷ் கூப்பிட்டான். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவன் குரல்.

"அக்கா, வெள்ளிக்கிழமை திறப்பு விழா. நீங்க வரணும். முதல் வரிசையில உங்களுக்கு இடம்."

"புதுக் கல் செஞ்சாச்சா?"

"ஆச்சு அக்கா."

"பெருசா?"

"கொஞ்சம் பெருசுதான்."

"இருக்கட்டும். ராத்திரி டியூட்டிக்கு டாக்டர் போட்டாச்சா?"

"ஆள் கேட்டு எழுதியிருக்கோம் அக்கா. பகல்ல ஒரு டாக்டர் வருவாங்க" என்றான்.

"வலி உன் ஆபீஸ் டைம் பாத்தா வரும்? நான் வரல பிரகாஷ். அன்னிக்கு எனக்கு ஷோ இருக்கு."

"அந்த கேஸை வாபஸ் வாங்கச் சொல்றேன் அக்கா. கொஞ்சம் பாத்து..."

"வாங்காதே. கோர்ட்டுல நான் சொல்லவேண்டியது நிறைய இருக்கு" என்று போனை வைத்தாள். ஒரு காலத்தில் இவன் தன் மருந்துச் சீட்டைக்கூட நினைவில் வைத்திருந்தவன் என்பது ஞாபகம் வந்தது. பிறகு குளிக்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி திறந்தது. மேளம், மாலை, பிரகாஷின் பெயர் பொறித்த பளபளப்பான கிரானைட். சாயங்காலம் ஸ்டுடியோவில் வீணா அவள் புடவையில் மைக்கைக் குத்திக்கொண்டே, "மேடம், ஒரு விஷயம். இன்னிக்கு அவங்க ஆள் அனுப்புறாங்க. காலி நாற்காலி அவங்களுக்கு ரொம்ப அசிங்கமாயிடுச்சாம்" என்றாள்.

ஹரிஷ்குமார் உள்ளே வந்தார். கும்பிட்டார். சாதனை விளக்கம் அச்சடித்த காகிதங்கள் கையில் இருந்தன. சிவப்பு விளக்கு எரிந்தது. நெறியாளர் மரகதம் பக்கம் திரும்பி, "மேடம், ஆஸ்பத்திரி திறந்தாச்சு. உங்களுக்கு இப்ப திருப்தியா?" என்று கேட்டார்.

"பொறுங்க, திருப்தியைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்று மரகதம் நாற்காலியை ஹரிஷ்குமார் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "வாங்க சார், ரொம்ப நாளா உங்களுக்காகத்தான் காத்திருந்தேன். ராத்திரி டாக்டர் எங்கே?"