சாரக்காரன் போட்ட முடிச்சு

கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிற வேலையில் அவனுக்கு 'முடிச்சு' என்றுதான் பெயர். பத்து மாடி உயரத்தில் குழாயையும் பலகையையும் சேர்த்து அவன் ஒரு கயிற்றைச் சுற்றிவிட்டால், பிரிக்கிற நாளில் மேஸ்திரி தலையில் அடித்துக்கொள்வார். "நீ கட்டினதை அவுக்க உன்னையேதான்டா மறுபடியும் கூப்பிடணும்" என்பார். அதைக் கேட்க அவனுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும்.

அதே கையால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குக் கொண்டுபோன காயாக்கிலும் கட்டினான். இரண்டு பேர் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற ஒடுக்கமான மீன்பிடிப் படகு அது. முன்னால் மனைவி, பின்னால் அவன். அவன் முதுகுக்குப் பின்னால் பெட்டி. நங்கூரம், கத்தி, பனிக்கட்டி, தண்ணீர் பாட்டில், பிடிக்கிற மீன் எல்லாம் அதற்குள். பெட்டியைச் சுற்றிய கயிற்றை இழுத்துவந்து தன் இருக்கையின் கம்பியில் போட்டான் ஒரு முடிச்சு. இருக்கை குத்துகிறது என்று தன் மிதவைச் சட்டையை மடித்துப் போட்டு, அது பறந்துவிடாமல் அதையும் கட்டி, மேலே உட்கார்ந்துகொண்டான்.

"அது சட்டையா, மெத்தையா?" என்றாள் மனைவி.

"எனக்கு நீச்சல் தெரியும். நீ போட்டுக்க. நீ விழுந்தா ஏரித் தண்ணி ஊருக்குள்ள வந்துடும்."

"வரட்டும். அன்னைக்காவது நீங்க குளிப்பீங்க."

மதியம் வரை நன்றாகத்தான் போயிற்று. பிறகு காற்று எழுந்தது. திரும்பிடலாம் என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, அவன் தண்ணீர் பாட்டிலுக்காகப் பின்னால் திரும்பிப் பெட்டிக்குள் கை விட்டான். அவன் உடம்பும் பெட்டியும் ஒரே பக்கம் சாய்ந்தன. அந்த நேரம் பார்த்து ஓர் அலை பக்கவாட்டில் வந்து இடித்தது. காயாக் ஒரே புரட்டாய்ப் புரண்டது.

குளிர் நெஞ்சில் உதைத்தது. கையை வீசி மேலே வந்தான். மூக்கு வெளியே வந்ததும் இடது கணுக்காலை ஏதோ பிடித்துக் கீழே இழுத்தது. வாய் நிறையத் தண்ணீர். கவிழ்ந்து கிடந்த காயாக்கின் விளிம்பைப் பிடித்துத் தொங்கினான். அலை தாழும்போது மூச்சு விடலாம், எழும்பும்போது முடியாது. அவ்வளவுதான் இடம்.

என்ன ஆயிற்று என்று காலே சொன்னது. பெட்டி இடத்தை விட்டு நழுவித் தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. முடிச்சு மட்டும் அவிழவில்லை. இருக்கைக்கும் பெட்டிக்கும் நடுவிலிருந்த கயிறு, பெட்டியின் பாரத்தில் அவன் கணுக்காலைச் சுற்றி இறுகிவிட்டது. காலை உதறினான். இன்னும் இறுகியது. மிதவைச் சட்டை இருக்கைக்கு அடியில். கத்தி பெட்டிக்குள்.

"ஏங்க! எங்கங்க இருக்கீங்க?" காயாக்கின் அந்தப் பக்கமிருந்து அவள் குரல்.

"கால் மாட்டிக்கிச்சு."

அவள் சட்டையில் கட்டியிருந்த விசிலை ஊதினாள். ஊதிக்கொண்டே இருந்தாள். கரையில் ஒரு தலைகூடத் தெரியவில்லை. ஊதுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பார்த்தாள். மிதவைச் சட்டை அவளைத் தூக்கி மேலே துப்பியது. இரண்டாம் முறையும் அப்படியே.

பிறகு ஒரு சத்தம் கேட்டது. டக். அவளுடைய சட்டையின் கொக்கி.

அதுவரை அவனுக்கு இருந்ததெல்லாம் பயமே இல்லை. இப்போதுதான் பயம் வந்தது. அவளுக்கு நீச்சல் தெரியாது. ஒரு முழத் தண்ணீரில்கூடத் தெரியாது.

"கழட்டாதே!"

"கழட்டினாத்தான் உள்ள வர முடியும்."

"நீ வந்தா ரெண்டு பேரும் போயிடுவோம். மாட்டு! மாட்டிட்டேன்னு சொல்லு!"

"உங்கள அப்படியே விட்டுட்டு நான் மிதந்துக்கிட்டு இருக்கணுமா?" அவள் அழுதாள். "ரெண்டு கொக்கி இருக்கு. ஒண்ணுதான் கழட்டிருக்கேன். நீங்க அவுக்கலேன்னா இன்னொண்ணையும் கழட்டுவேன்."

அவள் சொன்னால் செய்கிறவள். இருபத்திரண்டு வருடமாய் அவனுக்குத் தெரியும்.

"அவுக்க வரலடி. இழுத்தா இறுகுது."

"இழுக்காதீங்க!" அவள் மருத்துவமனைத் துணிகளை வெளுக்கிற சலவைக்கூடத்தில் வேலை செய்பவள். ஈரத்தில் கல்லாய் இறுகிய மூட்டைகளை நாள் முழுக்க அவிழ்க்கிறவள். "கயித்தைத் தளர்வா விடுங்க. அப்புறம் முடிச்சுக்குள்ள கயித்தைத் தள்ளுங்க. இழுக்காம தள்ளுங்க. முடிச்சோட முதுகு வளையும், அங்க கட்டை விரலை விடுங்க."

கயிறு தளர வேண்டுமானால் கால் காயாக்குக்கு அடியில், இருக்கைப் பக்கம் போக வேண்டும். கால் போனால் தலையும் போக வேண்டும். மேலே காற்று இருக்கும்போது தானாகக் கீழே போக உடம்பு சம்மதிக்கவில்லை. விளிம்பைப் பிடித்த விரல்களை அவன் ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

முதல் முறை இருக்கைக் கம்பியிலிருந்த முடிச்சே கைக்கு அகப்படவில்லை. இரண்டாம் முறை அகப்பட்டது. தள்ளினான், நகரவில்லை. மேலே வந்து இருமினான்.

"ஏங்க?"

"இருக்கேன். மாட்டிட்டியா?"

"நீங்க அவுத்துட்டு வாங்க, மாட்டுறேன்."

மூன்றாம் முறை முழங்காலை நெஞ்சோடு சேர்த்து, குழந்தை போலச் சுருண்டு இறங்கினான். கண்ணை மூடிக்கொண்டு தள்ளினான். நெஞ்சு வெடிக்கப் பார்த்தது. கட்டை விரலுக்கடியில் ஏதோ ஒரு நெல்லளவு வளைந்தது. நகத்தை விட்டான். நகம் பெயர்ந்தது. கயிறு கணுக்காலை விட்டுச் சரசரவென்று ஓடியது. நங்கூரமும் மீனுமாய்ப் பெட்டி ஏரியின் அடிக்குப் போய்விட்டது.

காயாக் இலேசாயிற்று. அவன் அதன் அடிப்பக்கத்தில் வயிற்றை வைத்து ஏறி, எதிர் விளிம்பைப் பற்றி, உடம்பைப் பின்னால் சாய்த்தான். புரண்டு நிமிர்ந்தது. அவன் ஒரு பக்கம் பாரம் கொடுத்துப் பிடிக்க, மறுபக்கம் அவள் காலை உதைத்து, வயிற்றால் சறுக்கி ஏறி, புரண்டு உட்கார்ந்தாள். பிறகு அவள் சாய்ந்துகொடுக்க அவன் ஏறினான். காற்று அவர்களை நடு ஏரிக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. அதைக்கூடப் பார்க்காமல் அவள் முதலில் இருக்கையிலிருந்த சட்டையின் கட்டை அவிழ்த்து, அவன் தலை வழியாக மாட்டி, கொக்கிகளை இழுத்துப் பூட்டினாள். பக்கத்து வளையத்தில் மாட்டியிருந்த ஒரு துடுப்பு மிச்சம். அதை வைத்துக்கொண்டு மாறி மாறித் துழாவிக் கரை சேர்ந்தார்கள்.

வண்டியை அவள்தான் ஓட்டினாள். வீட்டுக்கு வந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அவன் அந்தச் சட்டையைக் கழற்றவில்லை. நாற்காலிக்கடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இங்க எந்த ஏரி இருக்கு? கழட்டுங்க, சளி பிடிக்கும்."

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

அவள் குனிந்து தானே கொக்கியைத் தட்டினாள்.

டக்.

அவன் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். நகம் போன விரலிலிருந்து ரத்தம் அவள் கைமேல் வழிந்தது. "வீட்டுலதாங்க இருக்கோம்" என்று அவள் இரண்டு முறை சொன்னாள். தெரியும் என்று தலையாட்டினான். கை மட்டும் விடவில்லை.