டெட்ரோயிற்றுக்குப் போன மண்டபக் கணக்கு

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தமிழர்கள் ஒஸ்லோவில் இன்னும் சிலர் இருந்திருக்கலாம். ஆனால் அதையே ஒரு தொழிலாகச் செய்துவந்தவர் ஜெயரத்தினம் ஒருவர்தான். எண்பதுகளில் ஒஹாயோவுக்குப் படிக்கப் போய், அங்கேயே வேலை பார்த்து, பிரஜையாகி, பிறகு ஒஸ்லோவில் தாதியாக இருந்த யோசெப்பினைக் கட்டி, தொண்ணூற்றேழில் ட்வெய்ட்டாவின் அடுக்குமாடி ஒன்றில் வந்து இறங்கியவர். மருந்துப் பொருள் களஞ்சியம் ஒன்றில் கையுறைப் பெட்டிகளுக்கு அவர்தான் பொறுப்பு. இருந்தாலும் நீலக் கடவுச்சீட்டை பஸ் ரிக்கற் போலச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். யாராவது நோர்வேயில் வரி கூட என்று முணுமுணுத்தால் போதும், பைக்குள் கை போய்விடும்.

"நீங்கள் ஒரு அரசாங்கத்துக்குக் கட்டிப்போட்டே இந்த அழுகை அழுறியள். நான் ரெண்டு அரசாங்கத்துக்குக் கணக்குக் காட்டுறவன்!"

நோர்வே அரசாங்கம் அவருடைய சம்பளம், சேமிப்பு, வீட்டுக்கடன் எல்லாவற்றையும் தானே நிரப்பிச் சித்திரையில் தபாலில் அனுப்பும். சரி என்றால் கைத்தொலைபேசியில் ஒரு எஸ்.எம்.எஸ். தட்டினால் வேலை முடிந்தது. அதையும் யோசெப்பின்தான் தட்டுவாள். அமெரிக்க அரசாங்கத்துக்கோ பதினொரு வருடமாக அவர் ஒரு நத்தார் வாழ்த்து மட்டைகூட அனுப்பியதில்லை. நாட்டை விட்டவனை வரியும் விட்டுவிடும் என்பது அவருடைய நம்பிக்கை.

2008 ஆனி மாதத்தில் அந்த நம்பிக்கை ஆட்டம் காணக் கூடாத காரணம் ஒன்று இருந்தது. ஒஸ்லோ தமிழர் ஒன்றியத்தின் தலைவர் பதவிக்குத் தேர்தல் வந்திருந்தது. நான்கு வருடமாக அந்தக் கதிரையைப் பார்த்துப் பார்த்தே ஜெயரத்தினத்துக்குக் கழுத்து ஒரு பக்கம் திரும்பியிருந்தது. எதிரில் நின்றவர் ஒன்றியத்தின் செயலாளர் சூசைரட்ணம். "இதோ மண்டபம் வாங்கப்போகிறோம்" என்று மூன்று வருடமாக அறிவித்துக்கொண்டிருந்தவர். ஜெயரத்தினத்திடம் மண்டபம் இல்லை. ரெண்டு நாட்டுக்கும் கணக்குக் காட்டுகிற நேர்மை இருந்தது. அதைத்தான் அவர் வாசல் வாசலாக விற்றுக்கொண்டிருந்தார்.

லில்லெஸ்ட்ரோமில் ஒரு பிறந்தநாள் விருந்து. அங்கே நந்திதா என்ற பெண் அவரைத் தேடிப் பிடித்தாள். தமிழ்நாட்டுப் பிள்ளை, கலிபோர்னியாவில் பிரஜையாகி, ஒஸ்லோவில் கணினி வேலைக்கு வந்திருந்தாள்.

"சார், நீங்களும் யூ.எஸ். சிட்டிசனாமே! ரிட்டர்ன் ஃபைல் பண்ணிட்டீங்களா?"

ஜெயரத்தினத்தின் வாயில் றோல்ஸ் இருந்தது. அதை மென்று விழுங்க ஒரு தலைவருக்குரிய நேரம் எடுத்துக்கொண்டார்.

"அதெல்லாம் எப்பவோ முடிஞ்சுது, பிள்ளை."

"சூப்பர் சார். இங்க வாங்குற சம்பளத்தை எப்படிக் கழிச்சீங்க? ரெண்டு ஃபார்ம் இருக்கே, எதை எடுத்தீங்க?"

"ரெண்டையும்தான். நான் ஒண்டிலையும் குறை வைக்கிறேல்லை."

நந்திதா அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற யோசெப்பினும் பார்த்தாள். ரயிலில் வீடு திரும்பும்போதுதான் அவள் வாய் திறந்தாள்.

"இஞ்சருங்கோ, நீங்கள் எப்ப அனுப்பினனீங்கள்? முத்திரை வாங்கினதாக்கூட ஞாபகமில்லையே?"

"மெல்லக் கதை. சூசையின்ர மச்சான் பின்சீற்றில இருக்கிறான்."

"அப்ப அனுப்பேல்லை."

"எலக்சன் முடியட்டும்."

"எலக்சனுக்கு முதல் இது வெளியில வந்தால்? அந்தப் பிள்ளை கெட்டிக்காரி. எதை எடுத்தீங்க எண்டு கேக்க, ரெண்டையும் எண்டு நீங்கள் சொன்ன உடனேயே அவளுக்கு விளங்கிப்போச்சு."

மறுநாள் யோசெப்பினே நந்திதாவை அழைத்து உள்ளதைச் சொன்னாள். சனிக்கிழமை அந்தப் பெண் மடிக்கணினியோடு ட்வெய்ட்டாவுக்கு வந்தாள். பதினொன்றில் கடைசி ஆறு வருடத்தைக் காட்டினால் போதும் என்று அதற்குக் கணக்குப் போட்டாள். ஜெயரத்தினம் எதிரில் சத்திரசிகிச்சைக்கு வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். சிறையா, அபராதமா, கடவுச்சீட்டைப் பறிப்பார்களா என்று மனம் ஓடிக்கொண்டிருந்தது.

"நல்ல செய்தி சார். உங்க சம்பளம் முழுக்கக் கழிஞ்சிடுது. ஒரு சென்ட்கூடக் கட்ட வேண்டாம்."

ஜெயரத்தினத்தின் முகம் விழுந்தது.

"ஒண்டுமே வேண்டாமாமோ?"

"ஒண்ணுமே வேண்டாம்."

"ஒரு ஐம்பது டொலராவது?"

"என்ன சார், வேணும்னா நன்கொடையா அனுப்பலாம்."

யோசெப்பின் படிவத்தை எட்டிப் பார்த்தாள். "இதென்ன, என்னை ஏலியன் எண்டு போட்டிருக்கு?"

"அது அமெரிக்கரில்லாத மனைவிக்கு அவங்க வெச்சிருக்குற பேர், ஆன்ட்டி."

"முப்பது நோயாளியைத் தூக்கிக் கிடத்திப்போட்டு வாறன், வேற்றுக்கிரகமாம்! இவரை என்னெண்டு போட்டிருக்கு? மனிசன் எண்டோ?"

சிரிப்பு அடங்கியதும் நந்திதா இன்னொரு தாளை எடுத்தாள். இது வரிப் படிவம் அல்ல. வெளிநாட்டு வங்கிகளில் உள்ளதெல்லாம் சேர்த்துப் பத்தாயிரம் டொலரைத் தாண்டினால் ஒவ்வொரு கணக்கையும் எழுதி டெட்ரோயிற்றில் உள்ள அமெரிக்கத் திறைசேரி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். போன வருடத்தில் ஆகக்கூடுதலாக எவ்வளவு இருந்தது என்றும் சொல்ல வேண்டும். ஆனி முப்பதுக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும்.

"உங்க சேமிப்பே அதைத் தாண்டுது, சார். அப்புறம், பணம் உங்களுது இல்லேன்னாலும் நீங்க கையெழுத்துப் போடுற கணக்கு ஏதாவது இருந்தா அதுவும் சேரும்."

யோசெப்பின் நாற்காலியில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினாள். நந்திதாவுக்கு விளங்கவில்லை. யோசெப்பினுக்கு விளங்கியது. ஒஸ்லோவில் எந்தத் தமிழ்ச் சங்கம் தொடங்கினாலும் வங்கிக் கணக்குக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். இரண்டாவது கையெழுத்து அமெரிக்கனுடையதாக இருந்தால் சங்கத்துக்கே ஒரு எடுப்பு. அப்படி ஐந்து சங்கங்களில் அவர் கையெழுத்து இருந்தது. வைத்தாரே தவிர, எதற்கு வைக்கிறோம் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. பெரிய மனிதர்கள் வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வைப்பதில்லை.

ஞாயிறு காலை முதல் அழைப்பு சூசைரட்ணத்துக்கு. எதிராளியாக இருந்தாலும் மண்டப நிதியின் முதல் கையெழுத்து அவருடையது.

"சூசை, மண்டப நிதியில போன வருசம் ஆகக்கூட எவ்வளவு நிண்டது?"

தொலைபேசியில் ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"ஏன் அண்ணை?"

"அமெரிக்கா கேக்குது."

"எந்த அமெரிக்கா?"

"எத்தினை அமெரிக்கா கிடக்கு?"

"கணக்குக் கொப்பி கீழ் நிலவறையில அண்ணை. திறப்பு மனிசியிட்ட. மனிசி பேர்கனில."

மற்ற நான்கு சங்கத்துக் கொப்பிகளின் கதையும் அப்படித்தான். ஒன்று நனைந்திருந்தது, ஒன்று கனடாவுக்குப் போயிருந்தது. ஜெயரத்தினத்துக்குச் சந்தேகம் பிறந்தது. எல்லோரும் எவ்வளவு காசைப் பதுக்கி வைத்திருக்கிறார்கள்! திங்கட்கிழமை நேரே வங்கிக்குப் போனார். கையெழுத்துக்காரர் கேட்டால் வங்கி கொடுத்துத்தானே ஆக வேண்டும். அங்கிருந்த பெண் ஐந்து நிமிடத்தில் ஒரு தாளை அச்சடித்து நீட்டினாள்.

அவர் அதை வங்கி வாசலில் நின்று வாசித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தார். பொன் எழுத்தில் கடிதத்தலைப்பு அச்சடித்த பழைய மாணவர் சங்கத்தில் ஆகக்கூடுதலாக இருந்தது நூற்று எண்பத்தெட்டுக் குறோணர். மரணச்சடங்கு உதவி நிதியில் அறுநூற்று நாற்பது. ஒருவர் செத்தால் ஒரு மலர்வளையம், இரண்டாமவர் அடுத்த வருடம் வரை பொறுக்க வேண்டும். மண்டப நிதியில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது.

நோர்வேயில் யாருடைய வருமானத்தையும் அயலவன் கணினியில் பார்த்துவிடலாம். சங்கத்தின் கையிருப்பை அப்படிப் பார்க்க முடியாது. ஆகவே எங்களவர்கள் தங்கள் மானம் மரியாதையை எல்லாம் சங்கங்களில்தான் முதலீடு செய்து வைத்திருந்தார்கள்.

அன்று மாலையே மரணச்சடங்கு நிதியின் இராசமணி மீன் கட்லட்டோடு வந்தார். அவர் போக, சூசைரட்ணம் ஒரு முழு சால்மனோடு வந்தார்.

"வங்கிக்குப் போனனீங்களாம், அண்ணை."

"போனனான்."

"பாத்தனீங்கள்."

"பாத்தன். மூண்டு வருசம் சேர்த்த காசு எங்கை, சூசை?"

"ஒரு சதம் நான் தொடேல்லை. மண்டபம் வாங்கிறதைப் பற்றிக் கதைக்கிறதுக்கு ஒரு மண்டபம் வாடகைக்கு எடுக்க வேண்டாமே? இருபத்திரண்டு கூட்டம் அண்ணை! தேத்தண்ணி, றோல்ஸ் வேற." சூசைரட்ணம் குரலைத் தாழ்த்தினார். "அமெரிக்காவுக்குச் சொன்னாலும் பரவாயில்லை, வெஸ்ட்லிக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

வெஸ்ட்லியில்தான் ஒன்றியத்தின் வாக்குகளில் பாதி இருந்தது.

"நான் அப்பிடிப்பட்ட ஆளே?" என்றார் ஜெயரத்தினம், சால்மனை வாங்கிக்கொண்டு.

குசினிக்குள் இருந்து யோசெப்பின் குரல் கொடுத்தாள். "அப்பிடியே உங்கட பதினொரு வருசக் கதையையும் சொல்லிவிடுங்கோவன்."

"என்ன கதை அண்ணை?"

"அது குடும்ப விசயம்."

ஐந்து சங்கத்துத் தொகையும் எழுதிய படிவம் அந்த வாரமே டெட்ரோயிற்றுக்குத் தபாலில் போனது. அடுத்த ஞாயிறு பொதுக்கூட்டம். பாடசாலை மண்டபம் ஒன்று, அதுவும் வாடகைதான். வாக்கெடுப்புக்கு முன் சூசைரட்ணம் எழும்பி, தான் போட்டியிலிருந்து விலகுவதாகச் சொன்னார். இரண்டு நாட்டுக்கும் கணக்குக் காட்டுகிற ஒரு மாமனிதர் இருக்கும்போது தனக்கு இது எதற்கு என்றார். இராசமணி வழிமொழிந்தார். பழைய மாணவர் சங்கம் எழுந்து நின்றே கைதட்டியது. ஜெயரத்தினம் தன் நேர்மை இவ்வளவு தூரம் பரவியிருக்கிறதே என்று ஒரு கணம் உருகினார். பிறகு அந்த ஐந்து சங்கத்து முகங்களையும் வரிசையாகப் பார்த்தார். எல்லாம் வங்கித் தாள் இருந்த அவருடைய சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தன. உருகியது உறைந்தது. ஆனாலும் போய்க் கதிரையில் உட்கார்ந்தார்.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் தனுஷா கை உயர்த்தினாள்.

"புதுத் தலைவரிட்ட ஒரு ஸ்பூர்ஸ்மோல். மண்டப நிதியில இப்ப எவ்வளவு இருக்கு?"

கேள்வியை நோர்வேஜிய மொழியில் சொன்னாலும் தமிழில் சொன்னாலும் கேள்விதான். சூசைரட்ணம் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். ஜெயரத்தினம் எழும்பினார். உண்மையைச் சொன்னால் சூசை போவார். போகிற சூசை அந்தக் 'குடும்ப விசயத்தை' விசாரித்துத் தன் பதினொரு வருடத்தையும் தோண்டுவார். உட்கார்ந்து ஐந்து நிமிடமாகாத கதிரையும் போகும்.

"அந்தக் கணக்கு," என்றார் மெதுவாக, "அமெரிக்க அரசாங்கத்தின்ர திறைசேரிக்குச் சமர்ப்பிக்கப்பட்டிட்டுது. இதுக்கு மேல நான் இஞ்சை கதைக்கிறது முறையில்லை."

கைதட்டல் கூரையைத் தொட்டது. அமெரிக்காவே கேட்கிறது என்றால் அந்த நிதி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்!

"நான் ஒரு சொல்லும் பொய் சொல்லேல்லை," என்றார் அவர், வீடு போகும் வழியில்.

"ஓம், சொல்லேல்லை," என்றாள் யோசெப்பின். "இனி மண்டபத்தை வாங்குங்கோ."

அதுவும் சரிதானே. திங்கள் மாலை தலைவரும் செயலாளரும் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வெஸ்ட்லியில் இறங்கினார்கள். லிஃப்ட் பழுது. முதல் கதவைத் திறந்தவர் டாக்சி ஓட்டும் அருட்செல்வம்.

"வாங்கோ தலைவர்! மண்டப நிதிக்கோ? அமெரிக்காவே விசாரிக்கிற நிதிக்கு என்ர இருநூறு குறோணர் என்னத்துக்கு அண்ணை? உலக வங்கிக்கு ஆரும் தேத்தண்ணிக்காசு குடுக்கிறதே?"

இரண்டாம் மாடியிலும் அதே கதை. நான்காம் மாடியில் ஒருவர், வாங்கப்போகிற மண்டபத்தில் நீச்சல் தடாகம் இருக்குமா என்று கேட்டார். ஐந்தாம் மாடிப் படியில் தலைவர் மூச்சு வாங்க உட்கார்ந்தார்.

"சொல்லத்தான் வேணும் போல, சூசை."

"நீங்கள் சொல்லுங்கோ அண்ணை. நீங்கள்தானே தலைவர்."

ஆறாம் மாடியில் இளம்பெண் ஒருத்தி கதவைத் திறந்தாள். கையில் மா ஒட்டியிருந்தது. ஜெயரத்தினம் கடவுச்சீட்டு இருந்த பக்கம் கையைக் கொண்டுபோய், பாதியில் திரும்ப எடுத்தார்.

"தங்கச்சி, மண்டப நிதியில ஆகக்கூட நிண்டதே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பது."

"டொலரோ?"

"குறோணர்."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இஞ்சருங்கோ, ஓடி வாங்கோ, தலைவர் ஒண்டு சொல்லுறார்!" புருஷன் வந்தான். ஜெயரத்தினம் இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளைகளும் வந்தார்கள், சின்னவனுக்கு விளங்கவில்லை என்று மூன்றாந்தரமும் சொன்னார். மூன்றாந்தரம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. புருஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஐந்நூறு குறோணர் எடுத்து நீட்டினான்.

"உதுக்கு அமெரிக்கா என்ன சொன்னது, அண்ணை?"

"இன்னும் பதில் வரேல்லை," என்றார் தலைவர், பற்றுச்சீட்டை எழுதியபடி. சிரிப்புச் சத்தம் கேட்டு எதிர்வீட்டுக் கதவு அதற்குள் தானாகவே திறந்திருந்தது.