சூர்யகலா வீட்டு அண்டாவில் ரேடியேட்டர் தண்ணீர்

திண்டிவனத்தில் தட்சிணாமூர்த்தி தன் காரின் ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீர், நாற்பது கிலோமீட்டர் தள்ளி விழுப்புரத்தில் அவர் தம்பி பெண்டாட்டி சூர்யகலா வீட்டு அண்டாவில் கொதிக்கக் கொதிக்க வந்து சேர்ந்தது. வழியில் எங்கேயும் ஒரு சொட்டு சிந்தவில்லை. துரு வாசனையோடு லேசான பச்சையாக இருக்கும். சூர்யகலா அதில் பாத்திரம் கழுவினாள். பக்கத்து வீட்டுப் பானுப்ரியா, கேஸ் மிச்சம்க்கா என்று வாளியில் வாங்கிப்போய் துணி ஊறவைத்தாள்.

கார் தட்சிணாமூர்த்தியுடையது என்று சொன்னதே தப்பு. கூரையில்லாத அந்த இரண்டு சீட்டுப் பந்தயக் காரை, வளவனூரில் ஒரு வெல்லக் கொட்டகையில் கோழிகள் அடைந்து கிடந்த நிலையில் கண்டுபிடித்து இழுத்துவந்தவன் சூர்யகலாவின் புருஷன் பார்த்திபன். வருஷக்கணக்கில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்துதான் அதைக் கட்டினார்கள். ஒவ்வொரு நட்டையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தேய்த்தது அவள். எஞ்சினுக்குப் பின்னால் அவன் கை நுழையாத சந்தில் அவள் கை நுழையும். வளையலைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்பேனர் பிடிப்பாள். ஓட்டவும் அவன்தான் கற்றுக்கொடுத்தான். வண்டி ஓட ஆரம்பித்த வருஷமே அவனுக்கு மாரடைப்பு. கருமாதியில் அந்த வளையலைத்தான் உடைத்தார்கள்.

அந்தப் பக்கத்தில் கருமாதியன்று யார் தலையில் உருமா கட்டுகிறார்களோ அவன்தான் செத்தவனுக்கு வாரிசு. பார்த்திபனுக்குப் பிள்ளையில்லை. பெண்டாட்டி தலையில் துணி கட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. அண்ணன் மகன் ராம்கிக்குக் கட்டினார்கள். கட்டின கையோடு தட்சிணாமூர்த்தி சுவரில் ஆணியிலிருந்த சாவியை எடுத்து இடுப்பில் செருகினார். அது எங்க வண்டி மாமா என்றாள் சூர்யகலா.

"நீ அத வச்சிக்கினு இன்னா பண்ணப் போற? ஊறுகா போடப் போறியா?"

பந்தலே சிரித்தது. சிரித்தவர்களில் அவளுடைய கூடப்பிறந்தவனும் ஒருத்தன். அழுதுடும்மா, மனசு ஆறிடும் என்றார்கள் பொம்பளைகள். ஆற வேணாம் என்றாள் அவள். அழவும் இல்லை.

ராம்கி முதல்தடவை வண்டியை எடுத்தபோது மேம்பாலத்தில் ஏறுவதற்குள் எஞ்சின் சூட்டைக் காட்டுகிற ஊசி சிவப்புக்குப் போய்விட்டது. மூடியைத் திறந்தால் ஆவி. ஆவி போனபின் பார்த்தால் தண்ணீர் குறைந்திருந்தது. விழுப்புரத்து அண்டாவில் அன்றைக்குச் சொம்பளவு வந்திருந்தது. மெக்கானிக் சவுரிராயனை அழைத்தார்கள். அவர் ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பெடுத்தார், ஃபேன் பெல்ட்டை இறுக்கினார், மூடியை மாற்றினார், வாட்டர் பம்பைப் பிரித்துப் பூட்டினார். எஞ்சின் ஆயிலைத் தொட்டுப் பார்த்தார், தண்ணீர் கலக்கவில்லை. புகையும் வெள்ளையாக வரவில்லை.

"ஒழுகல, ஆயில்ல கலக்கல, பொகையா போவல. அப்ப எங்கதாங்க போவுது?"

"அத கேக்கத்தான்யா உன்ன கூப்ட்டேன். என்னையே கேட்டுக்கினு நிக்கற."

கடைசியில் சவுரிராயன் நம் பக்கத்து மெக்கானிக்குகள் எல்லோரும் செய்வதைச் செய்தார். எஞ்சின் சூடாகிறவரை தண்ணீரைப் பிடித்து வைத்து, பிறகு அளந்து விடுகிற தெர்மோஸ்டாட் வால்வைப் பிடுங்கி எறிந்தார். நம்ம வெயிலுக்கு இது என்னாத்துக்குங்க என்றார். அளந்து விடுகிற ஒன்றும் போய்விட்டதா, அன்றிலிருந்து சொம்பளவு வந்த தண்ணீர் அண்டா அண்டாவாக வந்தது.

விஷயம் ஊரெல்லாம் பரவித் தட்சிணாமூர்த்தி காதுக்கும் போனது. போன் பண்ணினார்.

"சூர்யகலா, என் தண்ணிய ஏன் இழுக்கற?"

"நான் எங்க மாமா இழுக்கறேன்? நீங்க ஊத்தறீங்க, அது வருது."

"அப்ப திருப்பிக் குடு."

"எடுத்துக்கினு வரட்டா?"

"இப்ப வேணாம்மா. ராம்கி கல்யாணம் முடியட்டும். மாப்ள அழைப்பு அந்த வண்டியிலதான். நீ பாட்டுக்கு எதிர்ல வந்து நின்னுடாத."

கல்யாணத்துக்கு அழைத்த விதம் அவ்வளவுதான். சூர்யகலா போனை வைத்தபோது அது அவள் கையில் சுட்டது.

மாப்பிள்ளை அழைப்பன்று ராம்கி தலைப்பாகையும் மாலையுமாக ஸ்டியரிங் பிடித்து உட்கார, பேண்டு செட்டுக்குப் பின்னால் கார் நத்தையாக ஊர்ந்தது. வேகமாக ஓடினாலே கொதிக்கிற வண்டி, காற்றுப் படாமல் ஊர்ந்தால் சும்மா இருக்குமா? நாலு கடை தாண்டுவதற்குள் நின்றது. டீக்கடையிலிருந்து வாளி வாளியாக வாங்கி ஊற்றினார்கள். ஊற்றினதெல்லாம் விழுப்புரத்தில் அண்டா நிரம்பி, வாசற்படி இறங்கி, தெருவில் ஆவியோடு ஓடியது. சூர்யகலா ஒரு குடத்தில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள். சுடுதண்ணிக்கு லக்கேஜ் போடணும்மா என்றார் கண்டக்டர். அவள் பார்த்த பார்வையில் அவர் முன்பக்கம் போய்விட்டார்.

அவள் இறங்கியபோதும் ஊர்வலம் கடைத்தெருவிலேயே நின்றது. நேராகப் போய் காருக்கு முன்னால் குடத்தை இறக்கினாள். பேண்டு அடங்கியது.

"இந்தாங்க மாமா, உங்க தண்ணி. இப்ப எங்க சாவிய குடுங்க."

"தாலியறுத்தவ மாப்ள வண்டி ஓட்டறதா? ஊரு காறித் துப்பும்."

"இவ்ளோ நேரமா உங்க மேல துப்பிக்கினு இருக்கறது யாரு மாமா, வண்டிதான?"

யாரும் சிரிக்கவில்லை. சவுரிராயன் கைதுடைக்கிற துணியை மடித்துக்கொண்டே, நான் எல்லாத்தையும் செக் பண்ணிட்டேங்க, இவங்கள மட்டுந்தான் செக் பண்ணல என்றார். மண்டபத்திலிருந்து பெண் வீட்டார் மூன்றாவது முறையாக ஆள் அனுப்பியிருந்தார்கள். வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்த ராம்கி பக்கத்து சீட்டுக்கு நகர்ந்து சாவியை நீட்டினான்.

"சித்தி, ஏறுங்க. ஜல்தி. ரொம்ப பேஜாரா போச்சு."

சூர்யகலா குடத்துத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினாள். பிறகு தட்சிணாமூர்த்தியின் தோளிலிருந்த ஜரிகைத் துண்டை உருவித் தன் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினாள். சாவியை ஒருதரம் திருப்பியதுமே வண்டி பிடித்தது. ஊசி இறங்கவில்லை, சிவப்பிலேயே நின்றது. ஊசி அப்படியே நிற்க, மண்டபம் வரைக்கும் போனார்கள். ராம்கியை வாசலில் இறக்கினாள். சாப்ட்டு போங்க சித்தி என்றான். வேணாம்டா என்று விழுப்புரம் பக்கம் திருப்பினாள். துண்டையும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

இப்போதும் அந்த நெடுஞ்சாலையில் அவளைப் பார்க்கலாம், தலையில் அதே உருமா. அண்டா காய்ந்து கிடக்கிறது, பானுப்ரியாவுக்குத்தான் அதில் கொஞ்சம் வருத்தம். ரேடியேட்டரில் அதற்குப் பிறகு ஒரு சொட்டுகூட ஊற்றியதில்லை, குறையவும் இல்லை. பெட்ரோல் பங்கில் யாராவது புதிதாக வேலைக்கு வந்தவர்கள், ம்மா ஊசி சிவப்புல இருக்குது, கொஞ்ச நேரம் ஆற விடுங்க என்பார்கள்.

"அது அப்படித்தான் ஓடும். நீ பெட்ரோல போடு."