பாதம் கழுவும் நாள்

மகன் வாயிலிருந்து ‘அப்பா’ என்ற சொல் வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அதனால் போனில் அதைக் கேட்டபோது, யாரோ நம்பர் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றுதான் சின்னையன் நினைத்தார். “அப்பா, நான் வீரமலை பேசுறேன்” என்று மறுபடி குரல் வந்த பிறகுதான் போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டார்.

“சனிக்கிழம எங்களுக்குப் பயிற்சி முடியுதுப்பா. விழா வைக்கிறாங்க. அம்மாவக் கூட்டிக்கிட்டு வாங்க. நீங்க கண்டிப்பா வரணும், நீங்கதான் முக்கியம்.”

பேசி முடித்ததும் மனைவியைப் பார்த்து, “நான்தான் முக்கியமாம்” என்றார். சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். சிரிப்பு பாதியில் நின்று கண் கலங்கிவிட்டது.

காளியாயிக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் முந்திக்கொண்டு வந்தது. அப்பனோடு முகம் கொடுத்துப் பேசாத பிள்ளை, ஊர்ப்பக்கம் வந்தாலும் அம்மாவை மட்டும் பஸ் ஸ்டாண்டுக்கு வரச்சொல்லிப் பார்த்துவிட்டுப் போகிற பிள்ளை, திடீரென்று இப்படிக் கூப்பிடுகிறான் என்றால் அதற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும். அது நல்ல காரணமாகவே இருந்தாலும் தன் நெஞ்சில்தான் வந்து குத்தும் என்று அவளுக்குத் தெரியும். அப்பனும் மகனும் பிரிந்ததற்குக் காரணமே அவள்தான். அது அவளுக்கும் சின்னையனுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம்.

வீரமலை சின்னப்பிள்ளையாக இருந்தபோது மணப்பாறைக்குப் பக்கத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. கிணற்றுத் தண்ணீரில் கத்திரி போட்டிருந்தார்கள். காய்ப்புழுவுக்கு மருந்து அடித்துவிட்டு, மிச்சத்தை டின்னோடு வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார் சின்னையன். டின் ஒழுகியது. வீணாய்ப் போகிறதே என்று காளியாயி அதைக் காலி கலர் சோடா பாட்டில் ஒன்றில் ஊற்றித் தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் ஒதுக்கி வைத்தாள். புருஷன் வந்ததும் சொல்லவேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதைப் பிடிக்கப் போனவள் மறந்துபோனாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பதில்லையா, அப்படி ஒரு மறதிதான். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்த வேணிக்குத் தாகமாக இருந்தது.

வேணி கடைக்குட்டி. அந்த வருடம்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தார்கள். திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரைகூட அவள் தாங்கவில்லை.

“யாரும்மா பாட்டில்ல ஊத்தி வச்சது?” என்று போலீஸ்காரர் கேட்டபோது காளியாயி வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. பக்கத்தில் நின்ற சின்னையன் “நான்தாங்க” என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுக் குழந்தையின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் சொல்லிவிடலாம் என்று இருந்தாள் காளியாயி. மறுநாள் அவளுடைய அண்ணன்மார் வந்து ஊர் பார்க்கச் சின்னையனை அடித்தார்கள். கருமாதி முடியட்டும் என்று இருந்தாள். கருமாதி அன்று அவரே அவளைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு, “இது உன்னோடயும் என்னோடயும் போகணும். செத்த புள்ள மேல சத்தியம் பண்ணு” என்றார். பண்ணிக்கொடுத்தாள். பயந்தவர்களுக்குச் சத்தியம் ஒரு நல்ல வசதி, அதன் பின்னால் போய் நின்றுகொள்ளலாம். காளியாயியும் நின்றுகொண்டாள்.

அன்றைக்கு அப்பனோடு பேச்சை நிறுத்தியவன்தான் வீரமலை. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அவ்வளவு வைராக்கியம் இருக்கும் என்று யார் கண்டார்கள். சின்னையன் அதன்பிறகு நிலத்தில் கால் வைக்கவில்லை. கருவேலம் மண்டிவிட்டது. மாட்டுச் சந்தையில் லாரிக்கு மாடு ஏற்றி இறக்கப் போனார், குடிக்கவும் பழகினார். மகன் ஹாஸ்டலில் தங்கிப் படித்தான். அங்கே பழகியவர்களோடு ஜெபக்கூட்டத்துக்குப் போனான், ஞானஸ்நானம் வாங்கி ஜேக்கப் ஆனான். சொந்தக்காரர்கள் குதித்தபோது சின்னையன் மட்டும், “எந்தச் சாமியா இருந்தா என்ன, அவனுக்குத் தூக்கம் வந்தா சரி” என்றார்.

சனிக்கிழமை விடியற்காலையிலேயே மனுஷன் குளித்துவிட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். முந்தின நாளிலிருந்தே குடிக்கவில்லை. மடிப்புக் கலையாத புதுச் சட்டை, கையில் முறுக்குப் பொட்டலம். மகன் இருக்கிற பண்ணையில் சொந்தமாக விளைவித்துச் சாப்பிடுகிறார்களாமே, இதெல்லாம் தொடுவார்களோ என்னவோ என்று பஸ்ஸில் ஒரு கவலை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அடுத்த பஸ் ஏறும்போது முறுக்கு நொறுங்கிவிடக்கூடாதே என்று இன்னொரு கவலை. காளியாயி அவரைப் பார்க்காமல் காவிரியைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஸ்ரீரங்கத்தைத் தாண்டிக் கொள்ளிடக் கரையோரம், வாழைத் தோப்புகளுக்கு நடுவில் இருந்தது அந்த இடம். வாசலில் ‘நல்ல நிலம் சீஷத்துவப் பயிற்சிப் பண்ணை’ என்று எழுதியிருந்தது. கிராமங்களில் ஆண்டவரைப் பற்றிச் சொல்லும் ஊழியத்துக்குப் போகப்போகிறவர்கள் இரண்டு வருடம் இங்கே தங்கிக் காலையில் வேதம் படிப்பார்கள். சாப்பிட்டுவிட்டு மண்வெட்டி எடுப்பார்கள். எந்தக் கிராமத்துக்குப் போனாலும் கையேந்தாமல் உழைத்துச் சாப்பிட வேண்டும், அங்குள்ள மண்ணையும் பிழைக்கவைக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். தோப்புக்கு மேலே பெருமாள் கோயில் கோபுரம் தெரிந்ததும் சின்னையன் பழக்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு நிற்கிற இடம் நினைவுக்கு வந்து, தாடியைச் சொறிவதுபோல் கையை இறக்கினார். அதைப் பார்த்த போதகர் அமிர்தசாமி சிரித்துக்கொண்டே வந்து, “வாங்கய்யா, அவரு எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரர்தான்” என்று கையைப் பிடித்து அழைத்துப்போனார். நல்ல மனுஷர். பின்னால் நடந்தது எதற்கும் அவரைக் குறை சொல்ல முடியாது.

வீரமலை வந்தான். நன்றாகக் கறுத்திருந்தான், உள்ளங்கை காய்த்திருந்தது. அம்மாவைக் கட்டிக்கொண்டான். அப்பாவின் முன்னால் வந்து நின்று, “சாப்டீங்களா?” என்றான். “ஆச்சுப்பா” என்றார் சின்னையன். வழியில் ஒரு டீ குடித்ததோடு சரி.

இந்தப் பண்ணையில் ஒரு வழக்கம் உண்டு. சேர்ந்த முதல் வாரம் ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்தி கொடுப்பார்கள். உரமும் மருந்தும் கொட்டிக் கொட்டிக் கட்டிதட்டிப்போன மண்ணாகப் பார்த்துக் கொடுப்பார்கள். சாணமும் தழையும் போட்டு அதைத் தேற்றவேண்டியது அவரவர் பாடு. கடைசி நாளில் தன் பாத்தி மண்ணை ஒரு தட்டில் அள்ளிவந்து சபைக்குக் காட்டி, தன் வாழ்க்கையையும் சாட்சியாகச் சொல்ல வேண்டும். அதன்பிறகு, தனக்குத் தீங்கு செய்தவர் ஒருவரை மன்னித்து அவர் பாதத்தைக் கழுவ வேண்டும். கழுவாதவருக்கு ஊழியம் இல்லை.

இதைச் சின்னையனுக்கும் காளியாயிக்கும் முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. ஓட்டுக்கூரை போட்ட கூடத்தில், முன்வரிசையில் தங்களுக்கென்று இரண்டு நாற்காலி போட்டிருந்ததைப் பார்த்துச் சின்னையன் நெளிந்தார். ஒரு பையன் தன்னை ஏமாற்றிய முதலாளியை மன்னித்தான். ஒரு பெண் தன் மாமியாரை மன்னித்தாள். அந்த அம்மா வரவில்லை, அவருக்குப் பதிலாக வேறொரு அம்மா காலை நீட்டினார். மூன்றாவதாக வீரமலை எழுந்து போனான்.

தட்டில் இருந்த மண்ணைக் கிளறி, மண்புழு நெளிவதைக் காட்டினான். எல்லாரும் கைதட்டினார்கள். காளியாயியும் தட்டினாள்.

“இந்த மண்ணு மாதிரிதான் எங்க வீடும் இருந்துச்சு” என்று ஆரம்பித்தான். “எங்கப்பா குடிகாரர். ஒருநாள் போதையில பூச்சிமருந்தக் கலர் பாட்டில்ல ஊத்தி வீட்டுக்குள்ள வச்சாரு. என் தங்கச்சி வேணி அதக் குடிச்சிட்டா.”

குடி பின்னால் வந்தது. சாட்சிக்கு அது முன்னால் வந்தால்தான் எடுப்பாக இருக்கும் போலும். காளியாயி புருஷனைப் பார்த்தாள். அவர் தட்டில் இருந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கம்மா அன்னைலேருந்து அழாத நாளில்ல. அவங்க கண்ணீருதான் என்னை இங்க கொண்டாந்து விட்டுச்சு. இவரக் கொன்னு போடணும்னு நான் நெனச்சிருக்கேன். பலமுறை நெனச்சிருக்கேன். இன்னைக்கு ஆண்டவர் முன்னாடி சொல்றேன், எங்கப்பாவ நான் மன்னிச்சிட்டேன்.”

கூடம் முழுக்க ‘அல்லேலூயா’ என்றது. பின்னால் யாரோ விசும்பினார்கள். காளியாயி எழுந்தாள். முழுதாக எழுவதற்குள் சின்னையனின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தது. மாட்டைப் பிடித்துப் பழகிய கை, அதை மீற முடியாது.

“உக்காரு.”

“என்னால முடியலங்க.”

“என்கிட்ட வர்றான் பாரு. அத மட்டும் பாரு” என்றார் சின்னையன் உதடு அசையாமல்.

வந்தான். பித்தளைத் தாம்பாளமும் சொம்பும் தோளில் துண்டுமாக வந்து, அப்பாவின் முன்னால் மண்டியிட்டான். பாட்டு ஆரம்பித்துவிட்டது. வெடித்துப்போயிருந்த அந்தக் கால்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தாம்பாளத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினான். விரலிடுக்கையெல்லாம் தேய்த்தான். அவன் கண்ணீர் அப்பாவின் பாதத்தில் விழுந்தது. பொய் இல்லை, பிள்ளை மனமாரத்தான் செய்தான். சின்னையனும் அழுதார். தலையை ஆட்டி ஆட்டி அழுதார். பார்த்தவர்களெல்லாம் பாவி மனம் திரும்பிவிட்டான் என்று ஸ்தோத்திரம் சொன்னார்கள். மகனின் கை தன் உடம்பில் பட்டதற்காகத்தான் அவர் அழுகிறார் என்பது காளியாயி ஒருத்திக்குத்தான் தெரியும். அந்தக் கை படுவதற்கு, செய்யாத பாவத்துக்கு மன்னிப்பு வாங்கவும் அவர் தயாராக இருந்தார்.

துண்டால் துடைத்துவிட்டு வீரமலை அம்மாவின் பக்கம் நகர்ந்தான். வழக்கத்தில் அது இல்லை. பாசம் மிகுந்துபோய்ச் செய்தான். “உன்னோடதையும் கழுவுறேம்மா. நீதான் எனக்காக எல்லாத்தையும் தாங்குன” என்று அவள் காலைத் தூக்கித் தாம்பாளத்தில் வைத்தான்.

அந்தச் சொல்தான் அவளைக் கவிழ்த்தது.

“அத ஊத்தி வச்சது நான்டா” என்றாள்.

பாட்டுச் சத்தத்தில் அவனுக்கு அது காதில் விழவில்லையோ என்று குனிந்து, இன்னும் கிட்டத்தில் சொன்னாள். “டின்னு ஒழுகுச்சு. பாட்டில்ல ஊத்திப் பானைக்குப் பின்னாடி வச்சேன். உங்கப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது. அப்ப அவரு குடிக்கவும் இல்ல.”

வீரமலையின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது. அவன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

“அவ ஏதோ கெடந்து உளர்றா” என்றார் சின்னையன் அவசரமாக. “நீ கழுவு. எல்லாரும் பாக்குறாங்க.”

“அப்பா.”

“கழுவுடாங்கிறேன்ல.”

“அப்பா, நெசமா?”

சின்னையன் மனைவியைப் பார்த்தார். அடித்த மச்சான்களைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை. “இத்தன வருஷம் பொறுத்தவளுக்கு இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்கல” என்றார். “இப்பத்தானடி தொட்டான்.”

அம்மாவின் காலிலிருந்து கையை எடுத்தான் வீரமலை. “எதுக்குப்பா நீங்க ஏத்துக்கிட்டீங்க? என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?”

“உன்கிட்ட எப்படிச் சொல்றது? அப்பன வெறுத்துட்டுப் புள்ள வளந்துடும். ஆத்தாள வெறுத்துட்டு எங்கடா போவ? உனக்கு ஒரு எடம் வேணும்ல.”

மேடையில் அமிர்தசாமி மைக்கைப் பிடித்துக்கொண்டு, இந்தக் குடும்பத்தில் இன்று நடந்த அற்புதத்துக்காக ஜெபிப்போம் என்றார். கூடம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டது.

வீரமலை ஜெபிக்கவில்லை. தாம்பாளத்தை இழுத்துக்கொண்டு அப்பாவின் முன்னால் திரும்பி வந்தான். ஏற்கெனவே துடைத்துவிட்ட கால்களை எடுத்து மறுபடியும் தண்ணீரில் வைத்தான். இந்த முறை சாட்சியும் இல்லை, மன்னிப்பும் இல்லை. முகத்தை அப்பாவின் முழங்காலில் புதைத்துக்கொண்டு, பார்க்காமலே கழுவினான்.

“ஆத்தா காலு, வீரமலை” என்றார் சின்னையன் மெதுவாக. “அவ காலையும் கழுவுப்பா.”

அவன் தலையைத் தூக்கவில்லை. சின்னையன் இன்னொரு முறையும் சொல்லிப் பார்த்தார். ஜெபம் முடிந்து எல்லாரும் ‘ஆமென்’ என்றார்கள். காளியாயி பாதி நனைந்திருந்த காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.