அடங்காத எழுபது

தம்பி மகள் றெபேக்காவின் கலியாணத்துக்கென்று வாங்கிய நீலச் சேலையை மிரியம் அலுமாரிக்குள் மடித்து வைத்துவிட்டாள். தம்பி நோர்மன் வந்து, "மாப்பிள்ளைக்கு லீவில்லை அக்கா. கொழும்பிலை கலியாண எழுத்து, பதிவு மட்டும்தான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்று கையைப் பிசைந்துவிட்டுப் போயிருந்தான். இவள் மடியிலேயே வளர்ந்த பிள்ளை. மனசுக்குக் கஷ்டம்தான். ஆனாலும் மிரியத்துக்குத் தம்பி சொன்னால் அது வேதவாக்கு.

இன்றைக்கு நோர்மனின் மனைவி றோஸ் ஒரு பெரிய மட்டைப் பெட்டியோடு ஓட்டோவில் வந்து இறங்கினாள். மாதிரிக்குக் கையில் ஒரு சதுரக் குட்டிப் பெட்டி, கேக் துண்டு ஒன்று வைக்கிற அளவு.

"சேர்ச்சிலை அறுவடைப் பண்டிகைக்கு மச்சாள். உதுக்குள்ளை எத்தினை அடங்கும்? நான் ஃபோனிலை பெருக்கிப் பிரிச்சன், நானூறுக்கு மேலை வருது. எங்களுக்கு முந்நூற்றைம்பது இருந்தால் காணும்."

புலமைப்பரிசில் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்த மிரியத்துக்குச் சிரிப்பு வந்தது. வருஷா வருஷம் பிள்ளைகள் விடுகிற அதே பிழை! பெரியதன் கனவளவைச் சிறியதன் கனவளவால் பிரித்தால் முடிந்ததாம். கேக் பெட்டி என்ன தண்ணீரா, இண்டு இடுக்கெல்லாம் ஓடி நிரம்ப? குட்டிப் பெட்டியை அடியில் வைத்து நகர்த்தி நகர்த்தி அளந்தாள். நீளத்துக்கு ஏழு, அகலத்துக்கு ஐந்து, உயரத்துக்கு எட்டு அடுக்கு. மிச்ச இடைவெளிகளுக்குள் மட்டுமட்டாக இன்னொரு வரிசை போகாது.

"இருநூற்றெண்பதுதான் றோஸ்."

"ஐயோ! அப்ப மிச்சம் எழுபது பேர் மண்டபத்தாலை வெறுங்கையோடையே போறது?"

சொன்ன வாயை றோஸ் கையால் பொத்தினாள். அறுவடைப் பண்டிகைக்கு யார் மண்டபம் எடுத்தது? வாசலில் நின்று ஆளுக்கொரு கேக் பெட்டி கொடுத்தனுப்புவது கலியாணத்தில்தான்.

"ஆற்றை கலியாணம் றோஸ்?"

றோஸ் நிலத்தைப் பார்த்தாள். "றெபேக்கான்ரைதான். இஞ்சைதான், யாழ்ப்பாணத்திலைதான். மாப்பிள்ளை வீட்டார் ஒரு மாதிரியான ஆக்கள் மச்சாள். நீங்கள் வந்தால், உங்களை விட்டிட்டுப் போனவரைப் பற்றித் துருவித் துருவிக் கேப்பினம்..."

விட்டுவிட்டுப் போனது புருஷன், ஒளிந்திருக்க வேண்டியது மிரியமா? கூடப் பிறந்தவன் இந்தக் கதிரையில் இருந்து, இவள் ஊற்றிய தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே பொய் சொல்லியிருக்கிறான். கூசாமல்! சரி, அவன் போகட்டும். பிள்ளை?

"றெபேக்காவுக்கு உது தெரியுமோ?"

"அவள்தான் மச்சாள், நீங்கள் வரவேண்டாம் எண்டவள்."

குட்டிப் பெட்டியின் மூடியை மிரியம் திறந்து திறந்து மூடினாள்.

"உங்கடை பங்குக் கேக்கை வீட்டை குடுத்துவிடுறன்" என்றாள் றோஸ். பிறகு தயங்கித் தயங்கி, "அப்ப, உப்பிடி ரெண்டு பெட்டி எடுத்தால் காணுமே மச்சாள்?" என்று கேட்டாள்.

மிரியம் குட்டிப் பெட்டியை அவள் கையில் வைத்தாள்.

"தாராளமாக் காணும். என்னைத்தான் கழிச்சிட்டியளே."