கல்மழைக்குப் பயந்தவர்கள்

பதினோரு மணிக்குள் கார்டுகளைப் பூட்டியாக வேண்டும். பூட்டிய பிறகு கடவுளே வந்து கேட்டாலும் ஒன்றைக்கூட மாற்ற முடியாது. மணி பத்தரை. என் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

வேல்கோட்டை, போனில் ஆடுகிற கார்டு ஆட்டம். ஆயிரத்துச் சொச்சம் கார்டுகளிலிருந்து முப்பதைப் பொறுக்கி நமக்கென்று ஒரு கட்டு சேர்க்க வேண்டும். பாதி வெற்றி அந்தப் பொறுக்கலிலேயே இருக்கிறது. மாநிலப் போட்டியில் இரண்டு தடவை அரையிறுதி வரைக்கும் வந்து மண்ணைக் கவ்வியிருக்கிறேன். இது மூன்றாவது. “இதுலயும் தோத்தா போனைத் தொடமாட்டேன், நீ சொல்ற பி.எட்.டுக்கே போறேன்” என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். என் அம்மா ராமுத்தாய் எதை மறந்தாலும் இதை மறக்கிற ஆள் இல்லை.

குஜிலியம்பாறையில் எங்கள் வீட்டில் சிக்னல் வந்தால் வரும். அதனால் திண்டுக்கல்லுக்கு, ஜெஸ்ஸி வீட்டுக்கு வந்திருந்தேன். காலேஜில் கூடப் படித்தவள், எனக்குப் பயிற்சி ஆட்டம் ஆடுகிறவள். எனக்காக ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூடப் போகவில்லை. அவள் அம்மா எங்கள் இருவரையும் சரிசமமாகத் திட்டிவிட்டுக் மாதா கோயிலுக்குப் போயிருந்தார்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. எங்கள் காடு மானாவாரி. சோளத்தை மட்டும் நம்பி விதைக்க மாட்டோம். ஊடே தட்டைப்பயறு, மொச்சை, ஓரத்தில் ஆமணக்கு. மழை ஏய்த்துவிட்டாலும் ஏதாவது ஒன்று வீடு வந்து சேரும். அதே புத்தி போனுக்குள்ளும் வந்துவிட்டது. என்னுடையது வேகக் கட்டு. சின்னச் சின்னச் சிப்பாய்கள் ஓடிப்போய், எதிராளி சுதாரிப்பதற்குள் அவன் கோட்டையை இடித்துவிட வேண்டும். நானோ எதற்கும் இருக்கட்டும் என்று ஆறு காப்புக் கார்டுகளைச் செருகி வைத்திருந்தேன். போன இரண்டு அரையிறுதியிலும் சிப்பாய் வேண்டிய நேரத்தில் இந்தச் சனியன்கள்தான் கைக்கு வந்தன.

ஜெஸ்ஸி ஐந்தை ஈவிரக்கமில்லாமல் தூக்கிவிட்டு அந்த இடத்தில் சிப்பாய்களை வைத்தாள். மிஞ்சியது கல்மழை. இறக்கினால் களத்தில் நிற்கிற எல்லாரையும் கொன்றுவிடும்.

“உன் ஆளுகளையும் சேத்துல்ல கொல்லும்? வேகமா அடிக்கிறவளுக்கு இது எதுக்குடி?”

“அவன் நாலு ராட்சசனை ஒண்ணா நிறுத்திட்டா என்ன செய்ய?”

“அதுக்குள்ள நீ ஜெயிச்சிருக்கணும். இல்லையா, தோத்துட்டுப் போ.” அதையும் தூக்கிவிட்டு எழுந்தாள். “டீ போட்டுட்டு வாரேன். பூட்டிரு.”

முப்பதையும் திரும்பப் பார்த்தேன். எல்லாம் சிப்பாய். ஒரு ராட்சசக் கூட்டம் வந்தால் தடுக்க ஒன்றுமே இல்லை. பயம் என்றால் அப்படி ஒரு பயம், உள்ளங்கை வேர்த்துத் திரை வழுக்கியது. பத்து ஐம்பத்தெட்டுக்கு ஒரு சிப்பாயை எடுத்துவிட்டுக் கல்மழையைத் திரும்ப வைத்தேன். பூட்டினேன். உடனே ஜெஸ்ஸியை நினைத்துப் புதுசாக ஒரு பயம்.

பதினோரு மணிக்கு இருவர் பட்டியலும் இருவருக்கும் திறக்கும். அதுதான் போட்டி விதி. எதிராளி பெயர் ஜெரோம். அவன் கட்டில் ஒன்பது ராட்சசர்கள். டீயோடு வந்த ஜெஸ்ஸி அவனுடையதைப் பார்த்தாள், பிறகு என்னுடையதைப் பார்த்தாள்.

“கூறுகெட்டவளே” என்றாள். டீயைத் தள்ளி வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆளுக்கு ஒன்று ஜெயித்து மூன்றாவது ஆட்டத்துக்கு வந்து நின்றோம். ஐந்தாவது சுற்றில் அவன் கையில் ஏழு கார்டு. அவற்றை இறக்கத் தேவையான பலப் புள்ளிகளும் நிறைய இருந்தன. ஒரே ஒரு ராட்சசனை நிறுத்திவிட்டுச் சுற்றை முடித்துக்கொண்டான். அடுத்த சுற்றில் யாரையுமே புதிதாக இறக்கவில்லை. ஏதோ பெரிய பொறி வைக்கிறான் என்று நினைத்தேன். வேறு வழி தெரியாமல் சிப்பாய்களை அனுப்பிக்கொண்டே இருந்தேன். ராட்சசன் ஒரு சிப்பாயை அடித்தால் இரண்டு பேர் அவனைத் தாண்டிப் போய்க் கோட்டையைக் கொத்தினார்கள்.

“கை நெறைய வச்சுக்கிட்டு ஏன்டி இறக்க மாட்டேங்கிறான்?” ஜெஸ்ஸி என் தோளைப் பிடித்த பிடியில் வலித்தது.

“தெரியலடி. பேசாத, பயமா இருக்கு.”

எட்டாவது சுற்றில் கோட்டை விழுந்தது. அவன் கையில் அப்போதும் ஆறு கார்டு.

ஜெயித்தது எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் அவனிடமிருந்து செய்தி வந்துவிட்டது. “வாழ்த்துகள். கல்மழை உங்க கையிலதான இருந்துச்சு? மொத்தமா இறக்கினா எல்லாம் போயிருமேன்னு கடைசிவரை பயந்துட்டே இருந்தேன்.”

மூன்று ஆட்டத்திலும் கல்மழை என் கைக்கு வரவே இல்லை.

ஜெஸ்ஸி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். “உண்மையைச் சொல்லிராத. அடுத்த வாரம் பைனல் இருக்கு, அங்க வர்றவனும் பயப்படட்டும்.”

“ஆமா, கையிலதான் இருந்துச்சு” என்று அடித்து அனுப்பினேன். அம்மாவுக்குப் போன் போட வேண்டும். போட முடியவில்லை. எங்கேயோ ஒரு ஊரில் ஒருத்தன் என்னைப் பார்த்துக் கை நடுங்க உட்கார்ந்திருந்தான் என்று நினைக்க நினைக்க எனக்கு அழுகையாக வந்தது.